தோற்ற களத்தில் வேரூன்றிய வீரர்

நுழையும்முன்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, 1751இல் போர்க்களமாக இருந்தது. அங்கு வென்ற இராபர்ட் கிளைவ் பின்னாளில் பெருஞ்செல்வத்தோடு தாயகம் திரும்பினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்த் தென்கோடியில் தோற்ற ஐரோப்பியர் ஒருவரோ இம்மண்ணிலேயே நிலைத்தார்.

யூஸ்டேசியஸ் டி லனாய் 1715இல் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படைவீரர். மிளகு வணிகத்தில் அந்நிறுவனத்துக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மருக்கும் பகை மூண்டது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப்படை தோற்றது. டி லனாய் சிறைப்பட்டார்.

சிறைப்பட்டவரின் போர்த்திறனை மன்னர் உணர்ந்தார். தம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். ஐரோப்பிய முறையிலான அணிவகுப்பையும் துப்பாக்கிப் பயிற்சியையும் டி லனாய் அளித்தார். புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டை வலுப்படுத்தப்பட்டது. அங்குப் பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய படைத்தலைவர் என்று அழைத்தனர். களக்காட்டுப் போரில் தம் மகனை இழந்தபின்னும் அவர் பணியைத் துறக்கவில்லை.

1777இல் உதயகிரியிலேயே மறைந்தார். கோட்டைக்குள் இருக்கும் அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

நேற்றைய பகைவனின் கையில் படைக்கலம் கொடுக்க மன்னருக்குத் துணிவு வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்நம்பிக்கை பொய்க்காமல் காக்க டி லனாய்க்கு நேர்மை வேண்டியிருந்தது. பிறப்பினால் அன்றி, காத்த நம்பிக்கையினாலேயே அவர் இம்மண்ணுக்கு உரியவரானார்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியிலுள்ள கோட்டை, கல்லறை, நடுகல் ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு, அது கூறும் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.