கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி: எப்போது வீட்டில் பார்க்கலாம், எப்போது ஓட வேண்டும்?



மழையும் பனியும் தொடங்கினால் நம் மறைமலைநகர், காட்டாங்கொளத்தூர் பக்கம் கைக்குழந்தை உள்ள வீடுகளில் சளி, இருமல் வந்துவிடும். "சளிதானே, தானா போயிடும்" என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஆனால் சில குழந்தைகளுக்குச் சளி பிடித்த இரண்டு மூன்று நாளில் மூச்சு இளைக்க ஆரம்பிக்கும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதற்கு முக்கியக் காரணம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் கிருமி. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது இது வந்துவிடும். பெரும்பாலான பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் வரை இறங்கும்.

கிருமியைக் கண்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும். வெள்ளை அணுக்கள் திரண்டு வரும், குழாயின் உள்சுவர் வீங்கும், சளி ஊறும். தீ அணைக்க ஊரே ஓடி வந்து, அந்தக் கூட்டமே வாசலை அடைத்துக்கொண்டால் எப்படி? அப்படித்தான் இதுவும். குழாயின் அகலம் பாதியானால் அதே காற்றை இழுக்க ஏறக்குறைய 16 மடங்கு சிரமம். அதனால்தான் குழந்தை மூச்சு வாங்குகிறது, பால் குடிக்க முடியாமல் அழுகிறது.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, குறைமாதக் குழந்தை, இருதயக் கோளாறு உள்ள குழந்தை ஆகியோருக்கு ஆபத்து அதிகம். உலகில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இந்தக் கிருமியால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை நாட்டுக் குழந்தைகள்.

மூச்சை எண்ணுவோம்

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

- 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
- 2 முதல் 12 மாதம் வரை: 50 அல்லது அதற்கு மேல்
- 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழிவது, முனகல், உதடு நீலமாவது, பால் குடிக்காதது, மூச்சு நின்று நின்று வருவது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். பிராணவாயு தேவைப்படும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான்.

செய்யக் கூடாதவை

- மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுக்காதீர்கள். அது வைரஸைக் கொல்லாது.
- மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.
- குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது, பக்கத்தில் பீடி, விறகுப் புகை எல்லாம் வீங்கிய குழாயை மேலும் வீங்க வைக்கும்.
- தொக்கம் எடுக்க அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சளி இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வேலை முடிந்து வருபவர்கள் சோப்பு போட்டுக் கைகழுவிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். சளி பிடித்தவர்கள் முத்தம் கொடுக்க வேண்டாம். 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் நிமோனியா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அது இந்த வைரஸைத் தடுக்காது. ஆனால் வேறு கிருமியால் வரும் நிமோனியாவிலிருந்து காக்கும்.

குழுவில் பேசி முடிவெடுக்க

1. நம் குழுவில் ஒரு வயதுக்குள் குழந்தை உள்ள வீடுகள் எத்தனை? அவர்களுக்கு மூச்சு எண்ணத் தெரியுமா?
2. 108 வண்டிக்குக் காசில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் தாய்க்குச் செலவு உண்டு, கூலியும் போகும். கூட்ட நாள் வரை காத்திருக்காமல் ஊக்குநரும் பிரதிநிதிகளும் அன்றே அவசரக் கடன் தர, தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதி வைக்கலாமா?
3. "அவர் வரட்டும், கேட்டுட்டுப் போகலாம்" என்று காத்திருக்கும் மருமகளுக்குத் துணையாக யார் போவது?

இந்த மூன்றுக்கும் பதிலை அடுத்த கூட்டத்திலேயே எழுதிவிடுவோம். குழந்தைக்கு இளைக்கும் ராத்திரியில் யோசிக்க நேரம் இருக்காது.