உழைப்பும் ஓய்வும் சேமிப்பும்

முன்னுரை

எங்கள் ஊராகிய ஓரிக்கையின் பெயருக்கு ஒரு கதை உண்டு. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினானாம். சீடரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு திருமாலும் காஞ்சியை விட்டுப் புறப்பட்டனராம். அவர்கள் தங்கிய 'ஓர் இரவு இருக்கை'யே ஓரிக்கை என மருவியது என்பர். நெடுவழி செல்வோர் இடையில் தங்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்ப் பெயரே உணர்த்துகிறது. பணம் சேர்ப்பதும் ஒரு நெடுவழியே. இதனை எங்கள் வீட்டுத் தறி எங்களுக்குக் கற்பித்தது.

தறி கற்பித்த பாடம்

கோர்வைப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கரைப்பக்கம் நாடா எறிய இன்னொருவர் துணை வேண்டும். குழித்தறியில் கால் மிதிக்க, கை எறிய, கண் இழையை விட்டு அகலாதிருக்க வேண்டும். சோர்ந்த கண்ணுக்கு அது இயலாது.

அக்காவை நர்சிங் படிப்பில் சேர்க்கப் பணம் சேர்க்கத் தொடங்கினோம். அப்பா இரவிலும் தறியில் அமர்ந்தார். அம்மா சமையலை முடித்துத் தார் சுற்றினார். ஞாயிறு பூசைக்குக்கூட அப்பா வரவில்லை. முதல் மாதம் கூலி கூடியது, மகிழ்ந்தோம். மூன்றாம் மாதம் கண் எரிச்சலும் இடுப்பு வலியும் வந்தன. ஓரிரவு தூக்கக் கலக்கத்தில், இழை அறுந்தது தெரியாமல் ஒரு சாண் நெய்துவிட்டார். அதைப் பிரித்து மீண்டும் நெய்ய இரண்டு நாள் ஆயின. பின்பு மருத்துவர் சொற்படி ஒரு வாரம் தறி நின்றது. இரவெல்லாம் விழித்துச் சேர்த்தது இவ்வாறே கரைந்தது. அதைவிட, அப்பா எங்களோடு சிரித்துப் பேசுவதையே மறந்துவிட்டார் என்பதுதான் எங்களை வருத்தியது.

அறிஞரும் மறைநூலும் கூறுவன

ஓயாத வேலைப் பளுவால் வரும் இச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு தன் நோய் வகைப்பாட்டில், வேலையால் விளையும் நிலை என்று விளக்கியது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என 2021-இல் அந்நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து அறிவித்தன.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தொழிலாளரின் ஓய்வு உரிமையை வலியுறுத்தினார். மறைநூலில் எலியா இறைவாக்கினர், "போதும்" என்று மனம் சோர்ந்து சூரைச் செடியடியில் படுத்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டு, அப்பமும் நீரும் தந்தார். அதன்பின்தான் நெடும்பயணம் தொடர்ந்தது.

சேமிக்கும் வழி

அப்படியானால் பணம் சேர்வது எப்படி? கைத்தறிக் கூட்டுறவுச் சங்க நெசவாளர்க்காகத் தமிழக அரசு 1975-இல் ஒரு சேமிப்புத் திட்டம் தொடங்கியது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கும் முறை அது. ஆயிரம் ரூபாய்க் கூலியில் 80 ரூபாய் நம்முடையது. அதனோடு 40 ரூபாய் சேர, 120 ஆகிறது. உறக்கத்தை விற்காமலே பணம் வளரும் வழி இதுவன்றோ!

எங்கள் வீட்டிலும் மூன்று விதிகள் செய்தோம்.

1. கூலி வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் செலவு செய்தல்.

2. விளக்கு வைத்தபின் தறியை மூடுதல். ஞாயிறு முழு ஓய்வு.

3. குறித்த நாளுக்குள் பணம் சேராவிடில், நாளைத் தள்ளி வைத்தல், உடலை வருத்தாதிருத்தல்.

மூன்றாவது விதிதான் கடினமாக இருந்தது. அக்கா ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. சில நாள் அழவும் செய்தாள். இவ்வாண்டு அவள் படிப்பில் சேர்ந்தாள். அவளை வழியனுப்ப அப்பா நிமிர்ந்து நடந்து பேருந்து நிலையம் வரை வந்தார்.

முடிவுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். அன்புத் தோழியரே! தேர்வுக்காக இரவெல்லாம் விழிக்கும் நமக்கும் இது பொருந்தும். நமக்காக உழைக்கும் பெற்றோரிடம், "இன்றைக்குப் போதும், வாருங்கள், சாப்பிடலாம்" என்று நாமே சென்று அழைப்போம். சிறுதுளி பெருவெள்ளம்; ஆனால் துளித்துளியாகவே சேரட்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி