உயிர்ப்புள்ள எரிமலையில் மலையேற்றத்தைத் திட்டமிடல்

புவியியல் – இயற்கை அனர்த்தங்கள்
விடய ஆய்வு: ஒன்டாகே மலை, யப்பான், 2014

மாணவர்களே,

"எரிமலை வெடிப்பினால் மனிதருக்கு ஏற்படும் பாதிப்பு ஒன்றைத் தருக" என்று வகுப்பிலே கேட்டால் உங்களிற் பலர் யோசிக்காமலே "லாவா வழிந்தோடி மக்கள் இறப்பர்" என்று எழுதுகிறீர்கள். விடை பிழையன்று. ஆனால் அது மட்டுமே விடை என்று நினைப்பதுதான் பிழை. இப்பாடத்தில் நாம் பார்க்கப்போகும் வெடிப்பில் லாவா வெளிவரவேயில்லை. அப்படியிருந்தும் மலையேறச் சென்றவர்களில் 58 பேர் இறந்தனர். 5 பேர் காணாமற்போயினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானில் ஏற்பட்ட மிகப்பெரிய எரிமலை அனர்த்தம் இதுவாகும்.

அன்று அந்த மலைக்கு வழங்கப்பட்டிருந்த எச்சரிக்கை மட்டம் 1. அதற்கு எதிரே எழுதப்பட்டிருந்த சொல் "வழமை". இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடருங்கள்.

1. மலையின் அறிமுகம்

• அமைவிடம்: ஹொன்சூ தீவு, நகானோ – கிஃபு மாகாணங்களின் எல்லை
• உயரம்: 3,067 மீற்றர். யப்பானின் எரிமலைகளில் பூஜி மலைக்கு (3,776 மீற்றர்) அடுத்தது.
• தோற்றக் காரணம்: யப்பான் தீவுகளுக்குக் கீழே பசுபிக் தகடும் பிலிப்பைன் கடல் தகடும் அமிழ்தல்
• முக்கியத்துவம்: வெள்ளை உடை தரித்த யாத்திரிகர்கள் ஏறும் புனித மலை, இலையுதிர் காலத்தில் உல்லாசப் பயணிகளைக் கவரும் இடம்

வரலாற்றுக் காலத்தில் இம்மலை வெடித்ததற்கான பதிவு எதுவும் இருக்கவில்லை. ஆகவே அது அவிந்துபோன மலை என்றே பலரும் எண்ணினர். 1979 ஒக்டோபர் 28 இல் திடீரென வெடித்தது. எரிமலைகளை வகைப்படுத்தும் முறையை மீளச் சிந்திக்க இந்நிகழ்வு ஒரு காரணமாயிற்று.

கவனிக்குக: உயிர்ப்புள்ள எரிமலை, உறங்கும் எரிமலை, அவிந்த எரிமலை என மூவகை படித்திருப்பீர்கள். வினாவில் கேட்டால் அவ்வாறே எழுதுங்கள். எனினும் யப்பானில் பின்னைய இரு பெயர்களும் இன்று உத்தியோகபூர்வமாகப் பயன்படுத்தப்படுவதில்லை. கடந்த ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுள் வெடித்தவையும், இப்போது தீவிரமாக ஆவியையும் வாயுவையும் வெளிவிடுபவையும் உயிர்ப்புள்ளவையாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வாறானவை அங்கு 111 உள்ளன. மனிதனின் நினைவுக்கு நீண்ட காலமாகத் தோன்றுவது மலைக்குச் சிறிது நேரமே.

2. நிகழ்ந்தது என்ன?

2014 செப்டெம்பர் 10, 11: மலைக்கு அடியில் சிறிய புவிநடுக்கங்கள் அதிகரித்தன. முதல் நாளில் 50 இற்கும், மறுநாள் 80 இற்கும் மேற்பட்டவை பதிவாகின. யப்பான் வளிமண்டலவியல் முகவரகம் இத்தகவலை வெளியிட்டது. ஆனால் எச்சரிக்கை மட்டம் 1 ஆகவே இருந்தது. பின்னர் நடுக்கங்கள் குறைந்தன.

செப்டெம்பர் 27, சனிக்கிழமை: தெளிவான வானம். இலைகள் நிறம் மாறும் பருவம். விடுமுறை நாளாகையால் கூட்டம் அதிகம்.

மு.ப. 11.41: தொடர்ச்சியான எரிமலை அதிர்வு தொடங்கியது.

மு.ப. 11.52: வெடிப்பு. உச்சியிலே பலர் மதிய உணவுக்காக அமர்ந்திருந்த நேரம்.

இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் 11 நிமிடங்கள். கருவிகள் அதிர்வைப் பதிந்தன. ஆனால் உச்சியில் இருந்தவர்களுக்கு அதை அறிவிக்க அவகாசம் போதவில்லை.

3. ஏன் இவ்வாறு வெடித்தது?

இது நீராவி வெடிப்பு என்னும் வகையைச் சேர்ந்தது. மலைக்குள் இருக்கும் நிலத்தடி நீர், ஆழத்திலுள்ள மக்மாவின் வெப்பத்தாற் சூடாகிறது. மேலேயுள்ள பாறை அதை மூடி வைத்திருக்கும்வரை அமுக்கம் கூடிக்கொண்டே போகும். அமுக்கத்தைப் பாறையினாற் தாங்க முடியாதபோது நீர் திடீரென ஆவியாகிறது. சாதாரண அமுக்கத்தில் நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. இறுக மூடிய பானையின் மூடி தூக்கி எறியப்படுவதுபோல மலையின் பாறைகள் எறியப்படுகின்றன.

புதிய மக்மா மேலே எழும்போது பெரும்பாலும் மலை வீங்குதல், நடுக்கம் கூடுதல் போன்ற அறிகுறிகள் நாட்கணக்கில் தெரியும். நீராவி வெடிப்பில் இவை மிகச் சிறியனவாகவோ, மிகக் குறுகிய நேரத்துக்கோதான் தெரியும். இதனாலேயே எதிர்வுகூறுவது கடினம்.

இறந்தோரில் பெரும்பாலானோரைக் கொன்றது வீசப்பட்ட பாறைத் துண்டுகளே. இவை எரிமலை வாய்களிலிருந்து சுமார் 1 கிலோமீற்றர் தூரம்வரை விழுந்தன. பகல் இரவுபோல இருண்டது. மலைக் குடில்களுக்குள் ஓடியவர்களும், பெரும் பாறைகளின் மறைவில் ஒதுங்கியவர்களும் பலர் தப்பினர். இறந்தோர் சிலரின் கமராக்களில் எழுந்துவரும் சாம்பல் முகிலின் படங்கள் இருந்தன.

4. மலையேற்றத்தைத் திட்டமிடல்

"அப்படியானால் எரிமலைக்குப் போகவே கூடாதா, சேர்?" என்று கேட்பீர்கள். யப்பானிலும் இந்தோனேசியாவிலும் இத்தாலியிலும் மக்கள் எரிமலைகளின் அடிவாரத்தில் வாழ்கிறார்கள், வழிபடுகிறார்கள், வழிகாட்டிகளாக உழைக்கிறார்கள். எனவே போகாதே என்பது முழுமையான விடையாகாது. ஆபத்தான இடத்தில் எவ்வளவு நேரம், எத்தகைய ஆயத்தத்துடன் இருக்கிறோம் என்பதே வினா.

(அ) தகவல் பெறல்
யப்பானின் எச்சரிக்கை மட்டங்கள் ஐந்து.
மட்டம் 1 – உயிர்ப்புள்ள எரிமலை என்பதைக் கவனத்திற் கொள்க
மட்டம் 2 – எரிமலை வாயை அண்மிக்க வேண்டாம்
மட்டம் 3 – மலைக்குச் செல்ல வேண்டாம்
மட்டம் 4 – முதியோர் முதலானோர் வெளியேறுக
மட்டம் 5 – அனைவரும் வெளியேறுக
பயணத்தைத் தீர்மானிக்கும்போதும், முதல் நாள் இரவும், புறப்படும் காலையிலும் மும்முறை பார்க்க வேண்டும். இலக்கத்தை மட்டும் பாராது, அண்மையில் மாற்றம் ஏதும் ஏற்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்டாகேயில் இலக்கம் மாறவில்லை. நடுக்கங்களின் எண்ணிக்கை மாறியிருந்தது.

(ஆ) பாதையைத் தெரிதல்
படத்தில் முதலில் எரிமலை வாய்களைக் குறிக்கவும். பின்னர் குடில்கள், புகலிடங்கள், இறங்கக்கூடிய மாற்றுப் பாதைகள் ஆகியவற்றைக் குறிக்கவும். பள்ளங்களிலும் வாயின் உட்புறத்திலும் தங்கக்கூடாது. காபனீரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு என்பன வளியிலும் பாரமானவை. தாழ்ந்த இடங்களில் தேங்கும். 1997 இல் யப்பானின் அடாதாரா மலையில் வெடிப்பு எதுவும் இல்லாமலே வாயுவினால் 4 மலையேறிகள் இறந்தனர்.

(இ) நேரத்தைக் குறைத்தல்
எரிமலை வாயின் அருகில் இரண்டு மணித்தியாலம் இருப்பவர், அரை மணித்தியாலம் இருப்பவரைவிட நான்கு மடங்கு நேரம் ஆபத்துக்கு முகங்கொடுக்கிறார். ஆகவே உச்சியைப் பார்க்கலாம். ஆனால் உணவையும் ஓய்வையும் வாயிலிருந்து விலகிய இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

(ஈ) பொருட்களை ஆயத்தம் செய்தல்
தலைக்கவசம், கண்களை மூடும் கண்ணாடி, முகக்கவசம் அல்லது துணி, டோர்ச் லைற், நீர், படம், கையடக்கத் தொலைபேசி. முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும். நச்சு வாயுவைத் தடுக்காது.

(உ) அறிவித்துச் செல்லல்
யார், எந்தப் பாதையால், எத்தனை மணிக்குத் திரும்புவர் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்டாகேயில் பலர் இதனைச் செய்யாததால் மலையில் எத்தனை பேர் சிக்கியுள்ளனர் என்று அறிவதே கடினமாயிற்று.

வெடித்தால்: படம் எடுக்க நிற்கக்கூடாது. உடனே குடிலுக்குள் அல்லது பெரும் பாறையின் மறைவுக்குச் சென்று தலையையும் வாய், மூக்கையும் மூட வேண்டும். கல்வீச்சு ஓய்ந்ததும் வாயிலிருந்து விலகி இறங்க வேண்டும்.

5. அனர்த்தத்தின் பின்

• 2015 இல் மட்டம் 1 இற்குரிய "வழமை" என்ற சொல் நீக்கப்பட்டு, மேலே நீங்கள் வாசித்த வாசகம் சேர்க்கப்பட்டது.
• அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, மலையேறிகளும் தகவல் பெற்று ஆயத்தமாகச் செல்ல முயல வேண்டும் எனக் கூறப்பட்டது.
• ஒன்டாகேயின் உச்சியில் கொங்கிறீற்றுப் புகலிடங்கள் அமைக்கப்பட்டன.
• உறவினர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2022 இல் நீதிமன்றம், போதிய ஆராய்வின்றி மட்டம் 1 பேணப்பட்டது எனக் குறிப்பிட்டபோதிலும் இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்தது.

ஒப்பிட்டு எழுத இரு உதாரணங்கள்: நியூசிலாந்தின் வகாரி (வெண்தீவு), 2019 டிசெம்பர் 9 – தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தனர். இந்தோனேசியாவின் மராப்பி (சுமாத்திரா), 2023 டிசெம்பர் 3 – 24 பேர் இறந்தனர். வாயிலிருந்து 3 கிலோமீற்றருக்குள் செல்லவேண்டாமென ஆலோசனை இருந்தும் மலையேற்றம் நடந்தது. சுமாத்திராவின் மராப்பியை யாவாவின் மெராப்பியுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: "எச்சரிக்கை மட்டம் மிகக் குறைவாக இருப்பின் எரிமலையில் மலையேறுவது ஆபத்தற்றது." இக்கூற்றை உதாரணத்துடன் ஆராய்க. (4 புள்ளிகள்)

விடை: இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. குறைந்த மட்டம் என்பது வெடிப்புக்கான தெளிவான அறிகுறி இல்லை என்பதையே காட்டும். வெடிக்காது என்பதைக் காட்டாது. 2014 இல் ஒன்டாகே மலை மட்டம் 1 இல் இருந்தபோதே நீராவி வெடிப்பு நிகழ்ந்து 63 பேர் இறந்தும் காணாமற்போயும் உள்ளனர். எனவே குறைந்த மட்டத்திலும் தகவல் பெறல், வாயருகே நேரத்தைக் குறைத்தல், தலைக்கவசம் அணிதல், புகலிடத்தை முன்னரே அறிதல் அவசியமாகும்.

புள்ளி வழங்கல்: நிலைப்பாடு 1, காரணம் 1, உதாரணம் 1, முடிவு 1. உதாரணத்துக்கு இடம், ஆண்டு இரண்டையும் எழுதுங்கள். "யப்பானில் ஒரு மலை" என்று மட்டும் எழுதினால் புள்ளியை இழப்பீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. நீராவி வெடிப்பை எதிர்வுகூறுவது கடினமாக இருப்பதற்கான காரணத்தை விளக்குக.
2. 2014 வெடிப்பு நள்ளிரவில் நிகழ்ந்திருப்பின் உயிரிழப்பு எவ்வாறு வேறுபட்டிருக்கும்? காரணம் தருக.
3. இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லாமைக்கான காரணத்தைத் தகட்டு எல்லைகளுடன் தொடர்புபடுத்தி எழுதுக.

இறுதியாக ஒன்று. அந்த மலையின் ஆபத்து 2014 இலும் 2015 இலும் ஒன்றே. மாறியது அதை விளக்கிய சொல். வினாத்தாளிலும் சரி, எச்சரிக்கைப் பலகையிலும் சரி, சொல்லை முழுமையாக வாசியுங்கள். அது சொல்லாததையும் யோசியுங்கள்.