ஏழு வயதுத் தேர்வுக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்தல்



இங்கிலாந்தின் தனியார் பாடசாலைகள் பொதுவாக 4, 7, 11, 13 ஆகிய வயதுகளில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. 'செவன் பிளஸ்' எனப்படும் ஏழு வயதுத் தேர்வு மூன்றாம் ஆண்டில் சேர்வதற்கானது. பிள்ளை இரண்டாம் ஆண்டில் படிக்கும்போதே, பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில், அதை எழுத வேண்டும். எல்ஸ்ட்ரீ ஹேபர்டாஷர்ஸ், எட்ஜ்வேர் நார்த் லண்டன் கொலீஜியட், விம்பிள்டன் கிங்ஸ் காலேஜ் ஸ்கூல் போன்றவற்றில் இடத்துக்குப் போட்டி கடுமை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் பாடசாலைக்குப் பாடசாலை மாறும்.

லண்டனில் வாழும் ஈழத்துப் பெற்றோருக்குப் போட்டிப் பரீட்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இலங்கையின் தரம் 5 புலமைப் பரிசில்தான். அது நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சை. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி உண்டு. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்த பிள்ளைக்கு அதில் பலன் கிடைத்தது. செவன் பிளஸ் அப்படிப்பட்டதன்று. பாடசாலைகள் தத்தம் வினாத்தாளைத் தாமே தயாரிக்கின்றன. வெட்டுப்புள்ளி என்று எதையும் அறிவிப்பதில்லை. எழுத்துத் தேர்வில் தேறியவர்களைப் பெரும்பாலும் இன்னொரு நாள் அழைத்து, சிறு குழுவாக ஒரு வேலை கொடுத்து, பேச வைத்துப் பார்க்கிறார்கள். புலமைப் பரிசில் எழுதும் பிள்ளைக்குப் பத்து வயது. இங்கே எழுதுவது ஆறு, ஏழு வயதுப் பிள்ளை. ஊரில் பழகிய முறையை அப்படியே இந்த வயதுப் பிள்ளைமேல் ஏற்றுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை.

கணிதத்தில் கவனிக்க வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு. அரச பாடத்திட்டத்தின்படி இரண்டாம் ஆண்டில் 2, 5, 10 ஆகிய வாய்ப்பாடுகளே பாடமாக வேண்டும். 3, 4, 8 மூன்றாம் ஆண்டில்தான் வருகின்றன. தேர்வோ பல இடங்களில் இதைத் தாண்டிக் கேட்கிறது. ஆகவே அரச பாடசாலைப் பிள்ளைக்கு 3ஆம், 4ஆம் வாய்ப்பாடுகளையும், மணி பார்ப்பதையும், காசு எண்ணுவதையும் வீட்டில் முன்கூட்டியே பழக்க வேண்டியிருக்கும். இதற்கு நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். அதைவிட முக்கியம் வசனக் கணக்கு. 'பேருந்தில் 17 பேர் இருந்தார்கள். 5 பேர் இறங்க, 8 பேர் ஏறினார்கள். இப்போது எத்தனை பேர்?' என்று கேட்டால், 20 என்ற விடையோடு விட்டுவிடக் கூடாது. எப்படி வந்தது என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தி 17இலிருந்து 5ஐக் கழித்து 8ஐக் கூட்டுவாள். இன்னொருத்தி மொத்தத்தில் மூன்றுதான் கூடியது என்று உடனே சொல்வாள். இரண்டும் சரி. நேர்முகத்தில் ஆசிரியர் கேட்க விரும்புவது இந்த விளக்கத்தைத்தான்.

ஆங்கிலத்தில்தான் பிள்ளைகளுக்கிடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒரு கதைப் பகுதியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். உதாரணமாக, ஒரு சிறுமி நனைந்த குடையோடு பாட்டி வீட்டுக் கதவருகே நிற்கிறாள், கையை உயர்த்தியும் தட்டவில்லை என்று பகுதி முடியும். அவள் ஏன் தட்டவில்லை என்ற கேள்விக்கு விடை எந்த வரியிலும் இராது. ஊகிக்க வேண்டும், ஊகத்துக்குக் காரணமும் காட்ட வேண்டும். பயிற்சிப் புத்தகத்தை நிரப்பி மட்டும் இது வராது. இரவில் ஒரு கதையை வாசித்துக் காட்டி, நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும், ஏன் என்று கேட்டுப் பேசிய வீட்டுப் பிள்ளைக்கு இது தானாக வரும். எழுத்தில் பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, தெளிவான கையெழுத்து ஆகியவை தவறக் கூடாது. மனப்பாடம் செய்த வருணனைகளை அனுபவமுள்ள ஆசிரியர் முதல் பந்தியிலேயே கண்டுகொள்வார்.

ஆயத்தத்துக்கு ஓராண்டு தாராளம். நாளுக்கு அரை மணிக்கு மேல் இந்த வயதில் பயனில்லை. களைத்த பிள்ளை தெரிந்ததையும் பிழையாக எழுதும். கடிகாரம் வைத்து எழுதுவது கடைசிச் சில வாரங்களுக்கு உரியது. ரியூசன் ஆசிரியர் வைத்தாலும், அன்றாடம் கேட்டுப் பேசும் வேலை வீட்டாருடையதே.

இந்த ஓராண்டில் பல குடும்பங்கள் முதலில் கைவிடுவது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை. இது தேவையற்ற இழப்பு. கதை சொல்வதும் காரணம் காட்டுவதும் எந்த மொழியில் பழகினாலும் பழக்கம்தான். தடுமாறும் ஆங்கிலத்தில் பேசுவதைவிட நிறைவான தமிழில் பிள்ளையோடு உரையாடும் அம்மா, அப்பா அதிகம் கொடுக்கிறார்கள். ஆங்கில வாசிப்பு அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

பிறந்த மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் கல்வியாண்டு செப்டெம்பர் 1இல் தொடங்குவதால், ஆகஸ்டில் பிறந்த பிள்ளை ஆறேகால் வயதிலும் செப்டெம்பரில் பிறந்த பிள்ளை ஏழேகால் வயதிலும் அதே தேர்வை எழுதும். சில பாடசாலைகள் வயதுக்கேற்பப் புள்ளிகளைச் சீர்செய்கின்றன. செய்கிறார்களா என்று விண்ணப்பிக்குமுன் கேட்டறிவது நல்லது.

பணக் கணக்கைப் பிள்ளை புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 சதவீத வரியும் உண்டு. கட்டண உதவி பெரும்பாலும் 11 வயது முதலே கிடைக்கிறது. இடம் கிடைத்தாலும் கட்டணம் கட்ட முடியாத பாடசாலைக்காக ஆறு வயதுப் பிள்ளையை ஓராண்டு உழைக்க வைப்பது நியாயமில்லை.

இடம் கிடைக்காவிட்டால், அந்தச் செய்தியைப் பிள்ளையிடம் தோல்வி என்று சொல்லக் கூடாது. முடிவு செய்து விண்ணப்பித்தவர்கள் பெற்றோர். 11 வயதில் தனியார் பாடசாலைகளின் கதவு மீண்டும் திறக்கும். அப்போது கிங்ஸ்டன் டிஃபின், பார்னெட் குயீன் எலிசபெத்ஸ் போன்ற அரச கிராமர் பாடசாலைகளுக்கும் தேர்வு எழுதலாம். இங்கிலாந்தில் இப்படி 163 கிராமர் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கக் கட்டணமே இல்லை.