பொருளின் ஊரும் பெயரின் ஊரும்

பட்டினப்பாலையைக் கற்பிக்கும்போது, புகார் நகரத்துப் பண்டங்களைக் கூறும் பகுதிக்கு வந்ததும் வகுப்பில் ஒரு கலகலப்புத் தோன்றுவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே நீண்டதொரு பட்டியலைத் தருகிறார். கடல்வழி வந்த குதிரைகள், தரைவழி மூட்டைகளாக வந்த மிளகு, வடமலையின் மணியும் பொன்னும், மேற்குமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கை வெளியின் வளம், காவிரியின் விளைவு, ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என அப்பட்டியல் விரிகிறது. வந்த வழியையோ பிறந்த இடத்தையோ சுட்டாமல் எந்தப் பொருளையும் புலவர் வெறுமனே விட்டுவிடவில்லை. வருவனவும் போவனவுமாகிய மூட்டைகளின்மீது சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதையும் அவர் மறவாமல் கூறுகிறார்.

சென்ற ஆண்டு இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “சார், இப்ப நாங்க போன்ல வாங்குற சாமானுக்கு இந்த மாதிரிப் பட்டியல் எங்க இருக்கு?” என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவ்வினாவுக்குரிய விடையை, அதற்குச் சில திங்கள் முன்னர்தான், சற்று விலை கொடுத்தே நாம் கற்றிருந்தோம்.

எம் தமையனார் மகளுக்கு நிக்காஹ் உறுதியாகியிருந்தது. சீர்வரிசையில் மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் ஒன்று இருக்கவேண்டும் என்பது எம் தாயாரின் விருப்பம். அவர்தம் திருமணத்தில் அத்தகைய பாய் வந்ததாம். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடைக்கு நேரில் சென்று வர எமக்கு ஓய்வு வாய்க்கவில்லை. தேர்வு விடைத்தாள் திருத்தும் காலம் அது. ஆகவே கைப்பேசியில் தேடினோம். பச்சையும் சிவப்புமாகக் கரையிட்ட அழகிய படம். மேலே “பத்தமடை மணப்பாய்” என்ற தலைப்பு. பெயர் பொறித்துத் தரப்படும் என்ற உறுதிமொழி. பணத்தைச் செலுத்தினோம். ஒரு வாரத்தில் பாய் வீடு வந்து சேர்ந்தது.

தாயார் அதனை விரிக்கச் சொல்லி, விளிம்பை விரலால் நெருடிப் பார்த்தார். பின்னர் எம்மை நோக்கி, “வாப்பா, இது கோரையே இல்லை. வாளி செய்யிற சாமானு” என்றார். அவர் சினந்திருந்தால்கூட எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

விற்றவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மறுபடியும் அப்பக்கத்தைத் திறந்து, இம்முறை படத்தை விட்டு எழுத்தைப் படித்தோம். நெடுந்தொலைவு கீழே இறங்கிய பின்னர்ச் சில வரிகள் இருந்தன. மூலப்பொருள்: பாலிபுரோப்பிலீன். வடிவமைப்பு: பத்தமடை. பிறப்பிட நாடு: இந்தியா. அதன்கீழ்ச் ‘சந்தைப்படுத்துபவர்’ என்று வடமாநிலத்து நகரம் ஒன்றின் முகவரி. இவற்றுள் ஒன்றும் பொய்யன்று என்பதே எம்மைத் திடுக்கிடச் செய்தது. பாய் இந்தியாவில்தான் செய்யப்பட்டது. கரை வடிவம் பத்தமடையினுடையதுதான். நாம் ஏமாந்தது மெய்யான சொற்களால்!

தொகையும் விரியும்

தமிழாசிரியராகிய எமக்கு இங்கே வெட்கமே மிஞ்சியது. ‘பத்தமடைப் பாய்’ என்பதை வகுப்பில் எவ்வாறு விரிப்போம்? பத்தமடையின்கண் நெய்யப்பட்ட பாய் என்று விரிப்போம். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணக் குறிப்பு எழுதுவோம். ‘கண்’ என்னும் உருபும் ‘நெய்யப்பட்ட’ என்னும் பயனும் மறைந்து நிற்கின்றன. மறைந்திருப்பதைக் கேட்பவர் தாமே இட்டு நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் தொகைச்சொல் இயங்குகிறது. வணிகரோ அந்த மறைவிடத்தில் வேறொன்றை வைத்துவிட்டார். பத்தமடைப் பாயைப் போன்ற பாய் என்று அவர் விரித்துக்கொண்டார். நாம் வேற்றுமையாகப் படித்தோம். அவர் உவமையாக விற்றார்.

இஃது இன்று தோன்றிய சிக்கலன்று. ஊர்ப்பெயர்கள் காலப்போக்கில் இடத்தைவிட்டு நழுவி வகையைக் குறிக்கத் தொடங்குவது மொழிகளில் இயல்பு. மைசூர்பாகு மைசூரிலிருந்து வருவதாக எவரும் எண்ணுவதில்லை. வடமாவட்டங்களில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்பர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவை நினைத்தா அதனைக் கொறிக்கிறோம்? சீனி என்ற சொல்லுக்குள் சீனம் ஒளிந்திருக்கிறது. நம் கோழிக்கோட்டின் பெயரையே ஆங்கிலேயர் ஒரு பருத்தித் துணிக்கு வைத்துக் ‘காலிக்கோ’ என்றனர். பிற்காலத்தில் அத்துணி மான்செஸ்டர் ஆலைகளில் நெய்யப்பட்டபோதும் பெயர் மட்டும் மாறவில்லை. இவற்றிலெல்லாம் ஏமாற்றில்லை, கேட்போர் அனைவரும் அது வகைப்பெயர் என்று அறிவர். ஆனால் அந்த ஊரில் அத்தொழில் இன்னும் உயிரோடிருக்க, அந்த ஊரின் பெயருக்காகவே மக்கள் கூடுதல் விலை தரவும் முன்வர, பெயரை மட்டும் கழற்றி வேறொன்றுக்கு மாட்டுவது வேறு செயல்.

பெயரைக் கழற்றும் இவ்வழக்கினால்தான் ‘இன்ன நாட்டில் செய்தது’ என்ற முத்திரையே பெருவழக்காயிற்று. செருமனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் இங்கிலாந்தின் செபீல்டு பெயரைத் தாங்கி விற்கப்படுவதாகப் பிரித்தானியத் தொழிலாளரும் முதலாளிகளும் முறையிட்டனர். 1887-ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் வணிகக் குறிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பிரித்தானியப் பொருளோ என்று மயங்கவைக்கும் குறியுடன் வரும் அயல்நாட்டுப் பண்டத்தில் செய்த நாட்டைப் பொறிக்கவேண்டும் என அது பணித்தது. ‘செருமனியில் செய்தது’ என்ற சொற்றொடர் இழிவுக்குறியாக இருக்கும் என்பது சட்டம் செய்தோர் எண்ணம். சில ஆண்டுகளிலேயே மக்கள் அதனைத் தரக்குறியாகக் கொண்டு தேடி வாங்கத் தொடங்கிவிட்டனர் என்பது வரலாற்றின் விளையாட்டு.

சட்டம் காட்டுவதும் காட்டாததும்

நம் நாட்டில் பொதியிட்ட பொருள்களுக்கான சட்டமுறை அளவியல் விதிகள் 2011-இல் நடைமுறைக்கு வந்தன. செய்தவர் அல்லது பொதியிட்டவர் அல்லது இறக்குமதியாளர் ஆகியோரின் பெயர், முகவரி, அளவு, விலை முதலியவற்றைப் பொதியின்மீது அச்சிடவேண்டும். இணையவழிக் கடைகளும் இவ்விவரங்களைத் திரையில் காட்டவேண்டும் என்ற திருத்தம் 1-1-2018 முதல் செயலுக்கு வந்தது. பின்னர் 2020 சூலையில் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் அறிவிக்கப்பட்டன. விற்பனையாளர் தரவேண்டிய விவரங்களுள் பிறப்பிட நாட்டையும் இவ்விதிகள் வெளிப்படையாகச் சேர்த்தன. ஆகவே மாணவியின் வினாவுக்கு நேர்விடை உண்டு. பட்டியல் இருக்கிறது, திரையின் அடியில் இருக்கிறது.

அடியில் இருப்பது பற்றி ஒரு சொல். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியபோது, அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள் என்பது நம் பெரியோர் அனைவரும் அறிந்த செய்தி. அவ்வணிகர் குவியலில் ஈரம் இருப்பதை இல்லை என்று சொல்லவில்லை. கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். எனினும் கண்டிக்கப்பட்டார். பாலிபுரோப்பிலீன் என்ற சொல் திரையில் எவ்விடத்தில் இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் இச்செய்தி எம் நினைவுக்கு வருகிறது.

சட்டம் கேட்பது நாட்டின் பெயரை. நாம் காசு கொடுப்பது ஊரின் பெயருக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மிகப் பெரிது. கோரைப்பாய் என்றாலே பத்தமடை என்று கொள்ளவும் முடியாது. கரூர், முசிறி வட்டாரங்களில் காவிரிக் கரையில் கோரை விளைகிறது, பாயும் நெய்யப்படுகிறது. மேற்கு வங்கத்தின் மேதினிப்பூரிலும் புகழ்பெற்ற பாய் உண்டு. அனைத்துக்கும் பிறப்பிடம் ‘இந்தியா’ என்றே எழுதலாம். கைப்பேசி போன்றவற்றிலோ சிக்கல் வேறு வகையினது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பொருத்தப்படும் கருவியின் உள்ளுறுப்புகள் பல நாடுகளிலிருந்து வந்தவையாக இருக்கும். ‘இந்தியாவில் செய்தது’ என்ற முத்திரை அவ்வுறுப்புகளின் ஊரைச் சொல்லாது.

ஊர்ப்பெயரைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் உண்டு. 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீடுகள் சட்டம் அது. அதன் பதிவகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. இந்தியாவில் முதலில் பதிவு பெற்றது டார்ஜிலிங் தேயிலை, 2004-இல். பத்தமடைப் பாயும் இப்பதிவேட்டில் இடம் பெற்றுள்ளது. பதிவுபெற்ற பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தரையில் அமர்ந்து பாய் நெய்யும் ஒரு பெண் எந்தத் திரையை நாள்தோறும் கண்காணித்து, எவர்மீது வழக்குத் தொடுப்பாள்?

இனி, வாங்குவோர் செய்யத்தக்கவை. தலைப்பை நம்பாது விவரத்தைப் படித்தல் முதற்கடன். ‘வடிவமைப்பு’, ‘பாணி’, ‘வகை’, ‘மாதிரி’, ‘ஈர்ப்பில் உருவானது’ என்ற சொற்களுள் ஒன்று ஊர்ப்பெயரோடு ஒட்டியிருப்பின் அங்கே உவமை நிற்கிறது என்று கொள்க. ‘உற்பத்தி செய்தவர்’, ‘பொதியிட்டவர்’, ‘இறக்குமதி செய்தவர்’, ‘சந்தைப்படுத்துபவர்’ என்னும் நான்கும் நான்கு வேறு ஆட்கள். நான்காமவரின் முகவரி பொருளின் முகவரியாகாது. பட்டைக்கோட்டு எண் 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று பலரும் நம்புகின்றனர், நாமும் நம்பியிருந்தோம். அந்த எண், நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் பதிவு செய்துகொண்டது என்பதையே காட்டும். பொருள் எங்கே பிறந்தது என்பதைக் காட்டாது. 2004 முதல் வழங்கும் பட்டுக்குறி அத்துணி தூய பட்டு என்று சொல்லும்; காஞ்சியில் நெய்ததா என்று சொல்லாது. ஐயமிருப்பின், வாங்குமுன்னரே “எந்த ஊரில், யாரால் நெய்யப்பட்டது?” என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, விடையைப் பாதுகாத்து வைத்தல் நன்று. விடையே வராவிட்டால் அதுவும் ஒரு விடைதான். பிழைபட்ட பொருள் வந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்றவர் எவ்வூரினராயினும் நாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து இலட்சம் உரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை.

நாம் முறையிடவில்லை. பாயைத் திருப்பியனுப்பிவிட்டு, விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கி வைத்து, தாயாரின் கட்டளைப்படி பத்தமடைக்கே சென்றோம். அங்கே இத்தொழில் பெரும்பாலும் நம் சமுதாயத்துப் பெண்டிர் கைகளில் இருக்கிறது. தாழ்ந்த கூரையின்கீழ், தரையோடு தரையாகக் கட்டிய தறியில், பருத்தி நூற்பாவுக்குள் கோரையை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மையார். பட்டுப்பாய்க்கு வேண்டிய கோரையை நீரில் ஊறவைத்து, நூலளவு மெல்லிதாகக் கிழித்து எடுக்கவேண்டும். அத்தகைய பாயைத் துணிபோல் மடிக்கலாம். ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். எம் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினோம். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “கரை எங்க கரைதான். பேரும் எங்க ஊருதான். ஆனா இதுல நெசவே இல்லையே, இதை யாரு செஞ்சா?” என்று எம்மையே கேட்டார். எம்மிடம் இருந்ததோ சந்தைப்படுத்துபவரின் முகவரி மட்டுமே.

மணமக்கள் பெயர்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். ஒரு திங்களுக்குப் பின், நிக்காஹ்வுக்கு நான்கு நாள் முன்னதாகப் பாய் வந்தது. தாயார் முன்போலவே விளிம்பை நெருடினார்; முகர்ந்தும் பார்த்தார். முகம் மலர்ந்தது. பின்னர், “கோரை எந்த ஆத்துது? தாமிரவருணியா?” என்று கேட்டார்.

அதனை நாம் கேட்டு வரவில்லை.