'வெள்ளையர்' என்றால் யார்?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகணும்னு நம்மில் பலர் ஜி.ஆர்.இ.க்குத் தயாராகிட்டு இருக்கோம். எஃப்-1, ஹெச்-1பி எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, அங்கே குடியேறின இந்தியர்கள் குடிமக்கள் ஆகவே முடியாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியுமா?

1790-ல் வந்த சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த 'வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை கேட்கலாம். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆனால் 'வெள்ளையர்' யார் என்று சட்டம் விளக்கவே இல்லை. பிரச்சினை அங்கேதான்.

இதில் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் தகாவோ ஓசாவா. ஜப்பானில் பிறந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் பேசினதுகூட ஆங்கிலம்தான். என் தோலும் வெள்ளைதானே என்று கேட்டார். 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது: நிறம் கணக்கில்லை, காகேசிய இனமாக இருக்கணும்.

அடுத்து பகத் சிங் திந்த். பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய மானிடவியல் நூல்கள் பல வட இந்தியர்களைக் காகேசியர் என்றே சொல்லின. அப்போ கண்டிஷன் பாஸ்தானே? இல்லை. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் வேறு விளக்கம் எழுதினார்: அறிவியல் வகைப்பாடு போதாது, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்கிறாரோ அவரே வெள்ளையர்.

இந்தத் தீர்ப்பை வைத்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க ஆரம்பித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படி எல்லாவற்றையும் இழந்து, 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். போர்வீரர்களுக்கான தனிச் சட்டத்தின் மூலம் திந்துக்கு 1936-ல் குடியுரிமை கிடைத்தது. மற்ற இந்தியர்களுக்கு 1946-ல்தான் வழி திறந்தது. குடியேற ஒதுக்கிய இடமோ வருஷத்துக்கு வெறும் 100. இனத் தடை முழுசாகப் போனது 1952-ல்.

இப்போ சட்டம் இனம் பார்ப்பதில்லை. ஆனா ஒரு சொல்லின் விளக்கம் நம்ம வாழ்க்கையைத் தீர்மானிப்பது மாறலை. ஹெச்-1பி முக்கியமாக 'சிறப்புத் தொழில்' செய்பவர்களுக்குத்தான். கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலை தானாகவே அதில் சேராது என்று 2017-ல் குடியேற்றத் துறை ஒரு குறிப்பு வெளியிட்டது. 2021-ல் அதை வாபஸ் வாங்கியது. சட்டம் அப்படியேதான் இருந்தது, விளக்கம்தான் மாறியது.

அதனால விசா விதிகளைப் படிக்கும்போது நம்பர்களோட நிறுத்திக்காதீங்க. அதில் இருக்கும் சொற்களுக்கு யார் அர்த்தம் சொல்றாங்க, அது எப்போ மாறுதுன்னும் பாருங்க.