நாலு எழுத்து ‘லைவ்’ ஐந்து எழுத்து ஆன கதை

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒரு டோக்கன் ஆப் செய்தோம். நோட் ஜேஎஸ், ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான். எங்கள் ஃப்ளோர் பசங்க ஒரு வாரம் நிஜமாகவே அதில் டோக்கன் போட்டார்கள். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி டீமில் ஒருவன் தன் விண்டோஸ் லேப்டாப்பில் ஆப்பை ஸ்டார்ட் செய்தான். அடுத்த நிமிஷம் ஒரு வார டோக்கன் அத்தனையும் காலி. ‘கைப்புள்ள, 14 தோசை’ என்று நாங்களே விளையாட்டுக்குப் போட்டு வைத்திருந்த டெஸ்ட் டேட்டா மட்டும் டேபிளில் உட்கார்ந்திருந்தது.

ஒரு எர்ரர் கூட வரவில்லை. அதுதான் கொடுமை. காரணம் ஒரே ஒரு ஸ்பேஸ். அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படையைப் பார்த்துடலாம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டைப் பண்ணும்போது நீங்க ஆங்கிலத்தில் அடிங்க.)

என்வயர்ன்மென்ட் வேரியபிள், தமிழில் சூழல் மாறி என்பது ஒரு ப்ரோக்ராம் பிறக்கும்போதே அதன் கையில் கொடுத்து அனுப்பும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் ‘பெயர்=மதிப்பு’ என்று வரி வரியாக இருக்கும். இது 1979-ல் யூனிக்ஸின் ஏழாவது பதிப்போடு வந்தது. இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வைங்க. ஒன்று, குழந்தை ப்ராசஸுக்குக் கிடைப்பது அப்பா ப்ராசஸிடம் இருக்கும் சீட்டின் நகல். குழந்தை தன் நகலில் எதைத் திருத்தினாலும் அப்பாவிடம் இருப்பது மாறாது. விண்டோஸ் செட்டிங்ஸில் மாற்றிவிட்டு, ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினலில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். புது டெர்மினல் திறக்கணும். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் விஎஸ் கோடையே மூடித் திறக்கணும். இரண்டு, மதிப்பு எப்போதுமே வெறும் எழுத்துச் சரம். எண் கிடையாது, உண்மை பொய் கிடையாது.

படிக்கும் பக்கம் எல்லா சிஸ்டத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நோடில் ‘ப்ராசஸ்.என்வ்’, பைத்தானில் ‘ஓஎஸ்.என்விரான்’. சண்டையெல்லாம் சீட்டை எழுதும் பக்கத்தில்தான். அதாவது ஷெல்லில்.

நான் உபுண்டு. அதனால் பேக்கேஜ் ஃபைலில் ஸ்டார்ட் கட்டளையை ‘மோட்=லைவ் நோட் ஆப்.ஜேஎஸ்’ என்று எழுதியிருந்தேன். பேஷிலும், மேக்கில் 2019 முதல் டிஃபால்ட்டாக இருக்கும் ஸெட்ஷெல்லிலும் இது சரி. ஆனால் என்பிஎம் விண்டோஸில் கட்டளையை சிஎம்டியிடம் கொடுக்கும். சிஎம்டிக்கு ‘மோட்=லைவ்’ என்றால் புரியாது, எர்ரர் காட்டி நின்றுவிடும். நண்பன் நெட்டில் தேடி இப்படி மாற்றினான்: ‘செட் மோட்=லைவ் && நோட் ஆப்.ஜேஎஸ்’. ஓடியது.

இப்போ அந்த வரியை மறுபடி உற்றுப் பாருங்க. ‘லைவ்’ முடிந்து ‘&&’ தொடங்கும் முன்னால் ஒரு ஸ்பேஸ் இருக்கிறதா? சிஎம்டி அதையும் மதிப்போடு சேர்த்துக்கொள்ளும். எங்கள் கோடில் ‘மோட், லைவ்வுக்குச் சமமா?’ என்று ஒரு கேள்வி. சமமில்லை, ஏனென்றால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கிறது. சமமில்லை என்றால் டெஸ்ட் மோட். டெஸ்ட் மோட் என்றால் டேபிளைத் துடைத்துவிட்டு கைப்புள்ளயை உட்கார வை. மூன்றும் வரிசையாக, ஒழுங்காக நடந்தன. கன்சோலில் மோடை ப்ரின்ட் செய்து பார்த்தோம், ‘லைவ்’ என்றுதான் வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு நீளத்தை ப்ரின்ட் செய்தபோதுதான் 4 வரவேண்டிய இடத்தில் 5 வந்தது.

சிஎம்டியிலேயே இதற்கு வழி உண்டு. பெயரையும் மதிப்பையும் சேர்த்து டபுள் கோட்ஸுக்குள் போட்டால், அதாவது செட் "மோட்=லைவ்" என்று எழுதினால், ஸ்பேஸ் ஒட்டாது. ஆனால் இந்த வரியை உபுண்டுவுக்குக் கொண்டுவந்தால் வேறொரு பள்ளம். அங்கே ‘செட்’ என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. எர்ரரும் காட்டாது, மாறியும் உருவாகாது. பவர்ஷெல்லில் எழுதும் முறை மூன்றாவது ரகம்: $என்வ்:மோட் என்று தொடங்கும். யார் செய்தது சரி என்று சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை. பாத் மாறியில் யூனிக்ஸ் உலகம் முக்கால்புள்ளி போட்டுப் பிரிக்கிறது, விண்டோஸ் அரைப்புள்ளி போடுகிறது. விண்டோஸில் ‘சி:’ என்று டிரைவ் பெயரிலேயே முக்கால்புள்ளி வந்துவிடுகிறதே, வேறு என்ன செய்வது?

இதே மாதிரி இன்னும் சில பள்ளங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸுக்குக் கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. அதனால் விண்டோஸில் மட்டும் டெஸ்ட் செய்தவரின் எழுத்துப் பிழை சர்வரில் போய்த்தான் வெடிக்கும். வீட்டு ஃபோல்டர் லினக்ஸில் ‘ஹோம்’ மாறியில், விண்டோஸில் ‘யூசர்ப்ரொஃபைல்’ மாறியில். இதை நீங்களே தேடாதீங்க, நோடில் ‘ஓஎஸ்.ஹோம்டிர்’, பைத்தானில் ‘பாத்.ஹோம்’ பார்த்துக்கொள்ளும். காலி மதிப்பு கொடுத்தால் லினக்ஸில் மாறி காலியாக இருக்கும், சிஎம்டியிலோ மாறியே அழிந்துவிடும். ஆகவே ‘இல்லை’, ‘காலி’ இரண்டையும் கோடில் ஒன்றாகவே நடத்துங்க. முக்கியமாக, ‘செட்எக்ஸ்’ கட்டளையால் பாத்தை நீட்டிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீங்க. அது 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். லேப் சிஸ்டத்தில் செய்தால் மொத்த பேட்சின் சாபமும் உங்களுக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? கட்டளை வரியில்தான் மாறியைக் கொடுக்கணும் என்றால் ‘கிராஸ்-என்வ்’ என்ற சின்ன பேக்கேஜ் மூன்று சிஸ்டத்திலும் ஒரே வரியை ஓடவைக்கும். எனக்குப் பிடித்தது வேறு: ஷெல்லிடம் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ‘.என்வ்’ என்று ஒரு ஃபைல், அதைப் படிக்க நோடில் ‘டாட்என்வ்’, பைத்தானில் ‘பைத்தான்-டாட்என்வ்’. நோட் 20.6 முதல் ‘--என்வ்-ஃபைல்’ என்ற ஆப்ஷனே உள்ளே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: டாட்என்வ் வழக்கமாக ஏற்கெனவே இருக்கும் மாறியை மாற்றாது. எப்போதோ செட்எக்ஸில் போட்டு மறந்த பழைய மதிப்புதான் ஜெயிக்கும். இன்னொன்று, விண்டோஸில் எழுதிய அந்த ஃபைலை பேஷில் ‘சோர்ஸ்’ செய்தால் ஒவ்வொரு மதிப்பின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் ஸ்பேஸின் ஒன்றுவிட்ட தம்பி.

அதனால் ஃபைல் மட்டும் போதாது. இப்போது எங்கள் ஆப்பில் ‘கான்ஃபிக்’ என்று ஒரே ஒரு மாட்யூல்தான் சூழல் மாறிகளைத் தொடும். வேறு எந்த ஃபைலும் ப்ராசஸ்.என்வ் பக்கமே போகக்கூடாது என்பது டீம் சட்டம். அந்த மாட்யூல் ஒவ்வொரு மதிப்பையும் வாங்கியதும் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை ‘ட்ரிம்’ செய்யும். போர்ட் என்றால் எண்ணாக மாற்றும், இல்லாவிட்டால் 3000-த்தோடு 1 கூட்டி 30001 வரும். ‘ஃபால்ஸ்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும், ஏனென்றால் காலியாக இல்லாத எந்தச் சரமும் ஜாவாஸ்க்ரிப்டுக்கு உண்மைதான், ‘ஃபால்ஸ்’ உட்பட. மோட் என்றால் ‘லைவ்’, ‘டெஸ்ட்’ இரண்டில் ஒன்றாக இருக்கணும். வேறு எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும், எந்த மாறியில் தப்பு என்று பெயர் சொல்லிவிட்டு ஆப் ஸ்டார்ட் ஆகாமலே நின்றுவிடும்.

எங்கள் பழைய கோடின் நிஜமான தப்பு ஸ்பேஸ் கூட இல்லை. ‘தெரியாவிட்டால் துடை’ என்று எழுதியிருந்தோமே, அதுதான். டேபிளைத் துடைக்கும் வேலை இப்போது தனி ஸ்க்ரிப்ட். டெஸ்ட்டுக்குத் தனி டேட்டாபேஸ்.

கடைசியாக கிட். ‘.என்வ்’ ஃபைலை கிட்இக்னோரில் போடுங்க. மாறிகளின் பெயர் மட்டும் இருக்கும், மதிப்பு இல்லாத ஒரு மாதிரி ஃபைலை ரெப்போவில் வைங்க. டீமுக்குப் புதிதாக வருபவர் அதைக் காப்பி செய்து தன் மதிப்புகளை நிரப்பிக்கொள்வார். தப்பித் தவறி டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு புஷ் ஆகிவிட்டதா? அடுத்த கமிட்டில் அழித்தால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்க, மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்.